சாச்சி மூடிவைத்த முத்து

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டுப் பெண்களில் யாராவது இதைப் படித்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதியிருக்கா, அதை மட்டும் விட்டுட்டா" என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கோபத்தை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது மனிதர்கள் அல்ல, என் பழைய லேப்டாப்தான். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பேருந்து பிடித்துத் தூத்துக்குடி போய் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வுப்பொருள் முத்து. முத்து வியாபாரம் செய்த ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெரிய பேர் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் உண்மையான முத்து என்று இருப்பது என் சாச்சியின் ஒரு ஜோடிக் கம்மல் மட்டுமே. உம்மாவின் தங்கையைத்தான் நாங்கள் சாச்சி என்போம். அந்தக் கம்மலைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டுபோய், ஆய்வகத்தில் அதன் மேல் ஒளியைப் பாய்ச்சி, எந்த நிறம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து வைத்திருந்தேன். கம்மலைத் திருப்பிக் கொடுத்தபோது சாச்சி அதை வெளிச்சத்தில் பிடித்து, "ஒளி எல்லாத்தையும் நீ உறிஞ்சிடலையே?" என்று கேட்டார்.

நான் போட வேண்டிய கணக்கு இதுதான். கடைப் பொரொட்டாவைப் போல முத்தும் அடுக்கடுக்காக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் ஒளி பட்டுத் திரும்பும். திரும்பும் ஒளியெல்லாம் ஒன்றுசேர்வதுதான் மினுக்கம். சிப்பி யந்திரம் அல்லவே, எல்லா அடுக்கையும் ஒரே தடிமனில் போடுவதற்கு? அடுக்குகள் எவ்வளவு ஏறுமாறாக இருந்தால் மினுக்கம் கெடும் என்பதைக் கணினியில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பைத்தான் மொழியில் சில லைப்ரரிகள், அதாவது பிறர் எழுதிவைத்த தயார் நிரல்கள், தேவை. ஒன்றை என் லேப்டாப்பில் ஏற்றினால் இன்னொன்று சண்டைக்கு வரும். கல்யாணத்துக்குப் பிறகு ஒத்துப்போகாத சம்பந்தி வீட்டாரைப் போல ஒன்று இருந்தால் மற்றது இருக்காது. இரண்டையும் சமாதானப்படுத்தினால் லேப்டாப் உறைந்துபோய்விடும்.

இப்படியே காலம் ஓடியது. ஏற்கெனவே என் ஆய்வுப் பதிவை நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். என் நெறியாளர் அதிகம் பேசாத பெண்மணி. அந்த முறை மட்டும் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "வர்ற ரெவ்யூ கமிட்டியில ஒரு முடிவாவது காட்டணும்மா. இல்லன்னா பதிவை நீட்டிக்கச் சொல்லி என்னால கேக்க முடியாது." பதிவு போனால் அத்தனை வருட வேலையும் போச்சு. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மறுநாள் என் மூஞ்சியைப் பார்த்தே பக்கத்து மேசைக்காரி கண்டுபிடித்துவிட்டாள். ஸ்ரீவைகுண்டத்துக்காரி. வீட்டில் நெல் விவசாயம், இவளுக்கு வாய்க்கால் தண்ணீரின் ஓட்டத்தைக் கணக்கிடும் ஆய்வு.

"ஏளா, இன்னுமா அந்த ஓட்டைப் பெட்டியோட மல்லுக்கட்டுத? எல்லாம் ஏத்தி வச்ச கம்ப்யூட்டர் எங்கயோ தயாரா கெடக்கு. பிரவுசர்ல போயித் தொறந்தா போதும். அடுப்பு கூட்ட வேண்டாம், தண்ணி கோர வேண்டாம், ஒலை கொதிச்சிக்கிட்டு இருக்கு. அரிசியப் போடுததுதான் உன் வேலை."

அவளுடைய மேசையிலேயே திறந்து காட்டினாள். கிளவுட் நோட்புக் என்றாள். வெள்ளைத் தாள் மாதிரி ஒரு பக்கம். அதில் கட்டம் கட்டமாக இடம். ஒரு கட்டத்தில் கணக்கை எழுதி ஓட்டினால் அதன் கீழேயே விடை வரும். என் லேப்டாப்பில் ஏற மறுத்த லைப்ரரிகளின் பெயரை நான்கு வரியில் எழுதி ஓட்டினேன். வழக்கமாகச் சிவப்பில் வரும் வசவு வரவில்லை. எதுவுமே வரவில்லை. எதுவும் வராவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் போட்ட கூச்சலில் துறைத் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ரொம்ப ஆடாத. இது சாண்ட்பாக்ஸு. உனக்குன்னு குடுத்த தனி ரூம்னு வச்சுக்க. உள்ள எதை ஒடச்சாலும் கேக்க மாட்டான், புது ரூம் குடுப்பான். ஆனா கொஞ்ச நேரம் தொடாம விட்டன்னா பூட்டிருவான். நீ எழுதுன நோட்புக் நிக்கும். போட்ட கணக்கோட விடை நிக்காது. தனியா சேமிச்சு வச்சாத்தான் உண்டு."

சரி சரி என்றேன். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் சொல்வதைக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் முதல் முத்து திரையில் வந்தது. எங்கள் ஊர் வீடுகளின் பின்னால் பெண்கள் போய்வரவென்றே முடுக்குகள், அதாவது குறுஞ்சந்துகள், உண்டு. பல வீடுகளுக்கு உள்ளுக்குள்ளேயே கதவும் உண்டு. எங்கள் வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து அதைத் தாழ்போட்டு யாரும் பார்த்ததில்லை. அதனால் எங்கள் வீட்டில் எதுவும் ரகசியமாக நடக்காது. கணக்குப் போட்டு வந்த நிறத்தை ஓர் உருண்டையின் மேல் பூசிக் காட்டும்படி எழுதியிருந்தேன். திரையில் உருண்டை வந்த கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சபையே கூடிவிட்டது.

"இது கத்திரிக்காயா, முத்தா?"

"கழுவாத முத்து போலருக்கு."

"ஏளா, இதுக்கா இத்தனை வருசம் பஸ்ல போயிட்டு வந்த?"

அவர்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. எண்களை மாற்றி மாற்றிப் புது முத்துகள் காட்டினேன். பச்சை ஓடியது, வெண்கல நிறம் வந்தது. எதிர்வீட்டில் அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சாச்சி கேட்டார்: "கல்யாணப் பொண்ணுக்குப் போடுற மாதிரி ரோஸ் கலர்ல ஒண்ணு வருமா?" ஏன் வராது? புதிதாக ஒரு கட்டம் திறந்து, அடுக்குகளில் ஏறுமாறே இல்லை, ஏறுமாறு பூஜ்யம் என்று எழுதி, தடிமனையும் கொஞ்சம் திருகி ஓட்டினேன். ரோஜா நிறத்தில் ஒரு முத்து வந்தது பாருங்கள், சபையே "மாஷா அல்லாஹ்" என்றது. சாச்சி திரையைத் தொட்டுப் பார்த்தார். எல்லாரும் போன பிறகு, விளையாட்டுக்கு எழுதிய அந்தக் கட்டத்தை மட்டும் அழித்துவிட்டேன்.

அடுத்த வாரங்களில் வேலை பறந்தது. பேருந்தில் யோசித்ததை வீட்டுக்கு வந்து எழுதி ஓட்டிப் பார்ப்பேன். துபாயிலிருந்து அழைக்கும் என் கணவர், "இப்பல்லாம் போன்ல நீ திட்டவே மாட்டேங்குறியே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கவலைப்பட்டார். கடைசியில் ஒரு சிறிய சோதனைக் கணக்கு எனக்கு ஓர் ஆச்சரியத்தைக் காட்டியது. அடுக்குகள் எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும் மினுக்கம் குறையவே இல்லை! இதுவரை எல்லாரும் நினைத்திருந்ததற்கு நேர்மாறு. புதுக் கண்டுபிடிப்பு! கமிட்டி எழுந்து நின்று கைதட்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஸ்ரீவைகுண்டத்துக்காரி மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு என்னமோ நம்பிக்கை வரல ஏளா. வரப்பு எப்படி வளைஞ்சாலும் தண்ணி ஒரே மாதிரி போவும்னு நான் சொன்னா நீ நம்புவியா?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கமிட்டி திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை பெரிய கணக்கை ஓட்டிவிட்டேன். ஆயிரக்கணக்கான முத்துகளைத் தாறுமாறாக உண்டாக்கி ஒவ்வொன்றின் மினுக்கத்தையும் கணக்கிட வேண்டும். முடியச் சாயங்காலம் ஆகும். முடிந்ததும் விடையை மொத்தமாகச் சேமித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இடையில் ஆள் தொடாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவான் என்பது மட்டும் நினைவிருந்தது. அன்றைக்குத்தான் எதிர்வீட்டுக் கல்யாணம். போகாமல் இருந்தால் கமிட்டி மன்னித்தாலும் எங்கள் தெரு மன்னிக்காது.

சாச்சி முதல் பந்தியிலேயே சாப்பிட்டுத் திரும்பியிருந்தார். அவரிடம் லேப்டாப்பை ஒப்படைத்தேன்.

"சாச்சி, அப்பப்ப இந்த பட்டனை மட்டும் தட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க."

"பால் பொங்காம பாத்துக்கிறதை விடவா இது கஷ்டம்? நீ போயிட்டு வா."

அங்கே சாப்பாட்டுக்கு உட்காரவே பிந்திவிட்டது. எங்கள் கல்யாணங்களில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். சகன் என்போம். கூட உட்கார்ந்தவர்கள் முடிக்கும் முன் ஒருத்தி எழுந்தால் அது மரியாதை இல்லை. என் சகனில் உட்கார்ந்தவர்களோ நெய்ச்சோற்றை ஒரு கை அள்ளுவதற்குள் ஒரு குடும்பத்தின் கதையைப் பேசி முடிக்கிறவர்கள். அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்துத்தான் என்னால் எழ முடிந்தது.

வந்து பார்த்தால் லேப்டாப் மூடியிருக்கிறது. அதன் மேல் ஒரு கைக்குட்டையும் விரித்திருக்கிறது. பக்கத்தில் முசல்லா, அதாவது தொழுகை விரிப்பு, மூலை மடித்துக் கிடக்கிறது. திறந்தேன். அறை பூட்டப்பட்டுவிட்டது என்று ஒரே ஒரு வரி. காலையிலிருந்து ஓடிய கணக்கு முழுவதும் போயிருந்தது.

"சாச்சி! யார் இதை மூடச் சொன்னா?"

"தொழப் போனேன் மவளே. ஆள் இல்லாம தொறந்து கெடந்துச்சு. முசல்லாவை மடிச்சேன், இதையும் மூடினேன். விரிச்சதை விரிச்ச மாதிரியே போட்டா சைத்தான் வந்து உக்காந்துக்குவான்லா?"

எங்கள் வீடுகளில் அது பழக்கம். தொழுது முடித்ததும் விரிப்பின் ஒரு மூலையையாவது மடித்துவிட வேண்டும். நானும் தினமும் மடிக்கிறவள்தான். அந்த நேரத்தில் அதெல்லாம் எனக்கு நினைவில் இல்லை.

"லேப்டாப்புல சைத்தானுக்கு என்ன வேலை? என் பொழப்பையே மூடிட்டீங்களே! உங்களை நம்பி விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

சாச்சி எப்போதும் எனக்குப் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவர். அன்று கைக்குட்டையை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டு நடுக்கதவு வழியாகப் போனார். அந்தப் பக்கம் தாழ் விழும் சத்தம் கேட்டது. உம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி திறந்தேன். புது அறை. லைப்ரரிகள் எல்லாம் அடுக்கி வைத்தபடி தயாராக இருந்தன. என் லேப்டாப்பாக இருந்திருந்தால் அதை எழுப்பவே அரை நாள் போயிருக்கும். மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டங்களையும் வரிசையாக ஓட்டச் சொன்னேன். பாதியில் நின்றது. சிவப்பில் வசவு. ஏறுமாறுக்கு என்ன எண் என்று எங்குமே சொல்லவில்லையே, நான் எதை வைத்துக் கணக்குப் போடுவது என்று கேட்கிறது.

என்னது? இத்தனை நாளாக ஓடியதே! இல்லாத எண்ணை வைத்து எப்படி ஓடியது?

கணக்கை வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு முறையும் நான் கையில் கொடுக்கும் ஏறுமாறு எண்ணை அது எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதியிருந்த விதத்தில் அது கொடுத்ததை எடுக்கவே இல்லை. அறையின் நினைவில் ஏற்கெனவே கிடந்த ஓர் எண்ணை எடுத்திருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ரோஜா நிற முத்து! ஏறுமாறு பூஜ்யம் என்று விளையாட்டுக்கு எழுதினேனே, அந்தக் கட்டத்தைத்தான் அழித்தேன், எண் நினைவிலேயே உட்கார்ந்துவிட்டது. பிறகு வந்த அறைகளிலும் விட்ட இடத்தில் தொடரலாம் என்று அறையின் நினைவை அப்படியே சேமித்து, அப்படியே ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆசாமி ஒவ்வொரு அறைக்கும் என்னோடு கூடவே குடிவந்திருக்கிறார். சனிக்கிழமை அறை பூட்டியபோது அந்தக் கோப்பும் பாழாகிப்போனதால்தான் ஞாயிற்றுக்கிழமை வெறும் அறையில் தொடங்கியிருந்தேன்.

நான் எவ்வளவு தாறுமாறான அடுக்குகளைக் கொடுத்தாலும், கணக்கு ஏறுமாறே இல்லாத முத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது. மினுக்கம் எப்படிக் குறையும்? இதைத்தான் கண்டுபிடிப்பு என்று கமிட்டியின் முன்னால் நீட்டவிருந்தேன். நினைத்துப் பார்த்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரே ஒரு வரிதான் திருத்தினேன். இந்த முறை விடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்துக்கொண்டே போகும்படியும் எழுதினேன். பட்டன் தட்ட யாரையும் கூப்பிட எனக்கு முகம் இல்லை. நானே பக்கத்தில் உட்கார்ந்து, கூடையில் இருந்த சின்ன வெங்காயம் முழுவதையும் உரித்துக்கொண்டே தட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் மட்டும் காரணம் இல்லை. பொழுது சாயும் முன் கணக்கு முடிந்தது. ஏறுமாறு ஓரளவு வரை முத்து தாங்குகிறது. அதற்கு மேல் மினுக்கம் சட்டென்று சரிகிறது. கைதட்டல் வாங்கும் முடிவு அல்ல, ஆனால் நிற்கும் முடிவு. சாச்சியின் கம்மலில் நான் அளந்த நிறக் கோட்டைக் கணக்கின் நிறக் கோட்டோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

திங்கட்கிழமை கமிட்டியில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். என் படங்களை இரண்டு நிமிடம் பார்த்தார்.

"படம் எல்லாரும் கொண்டுவாராங்கம்மா. நோட்புக்கை இங்கனயே தொறந்து, நினைவை எல்லாம் அழிச்சுட்டு, மொதல்ல இருந்து ஓட்டுங்க பாப்போம். சின்னக் கணக்கா இருந்தாலும் போதும்."

என் நெறியாளரின் முகம் வெளுத்தது. நான் துறையின் கணினியில் பிரவுசரைத் திறந்து உள்ளே போனேன். அதே மாதிரி அறை, அதே ஏற்பாடு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு கட்டமாக இறங்கிக்கொண்டே வந்தது. நின்றுவிடுமோ என்று பயந்த இடத்தையும் தாண்டிப் போனது. கடைசியில் கோடு வந்தது, சரிய வேண்டிய இடத்தில் சரிந்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முக்கால்வாசிப் பேருக்கு இங்கனதான் நின்னுபோவும்" என்றார். பதிவை நீட்டிக்கப் பரிந்துரைத்தார்கள். என் நெறியாளர் வெளியே வந்து என் கையைப் பிடித்து அழுத்தினார். அவ்வளவு பேசியது அவருக்கு அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் நடுக்கதவைத் தட்டினேன்.

"சாச்சி, நீங்க சொன்னது சரிதான். சைத்தான் இருந்தான்."

அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க?" என்று குரல் வந்தது.

"நீங்க ரோஸ் முத்து கேட்டீங்கள்ல, அன்னைக்கே வந்து உக்காந்துட்டான். நானும் தெரியாம கூடவே கூட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். நீங்க மூடினப்பதான் எந்திரிச்சுப் போனான். மூடலன்னா இன்னைக்குக் கமிட்டியில என் மானம் போயிருக்கும்."

தாழ் விலகியது. சாச்சி என்னைப் பார்க்காமல் முதலில் லேப்டாப்பைப் பார்த்தார். "பதிவு?" என்றார்.

"கிடைச்சிருச்சு சாச்சி. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ஒன் வாயி எனக்குத் தெரியாதா?" என்றார். கண் கலங்கியிருந்தது. "ரோஸைக் காட்டு."

"ரோஸ் இல்ல. வந்தது இதுதான்."

திரையில் இருந்தது ரோஜா நிறம் இல்லை. லேசாகப் பால் மஞ்சள் ஓடிய வெள்ளை, ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சைச் சாயல். சாச்சி குனிந்து பார்த்தார். அவர் கை தானாகக் காதுக்குப் போனது.

"ஏளா, இது என் கம்மல்லா!"

கம்மலைக் கழற்றித் திரையோடு ஒட்டிப் பிடித்தார். நான் எண்களை வைத்துச் செய்த முத்தும் அவர் உள்ளங்கையில் இருந்த முத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். சாச்சி எழுந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.